மக்கன் பேடாவுக்கு ஒரு பெட்டி

ஆர்க்காடு, 4 ஆகஸ்ட் 2025

தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி வருவதால், எங்கள் கடை இனிப்பான மக்கன் பேடாவுக்கான புதிய பெட்டியை இந்த மாதமே அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். சத்துவாச்சாரியில் இருக்கும் வடிவமைப்பாளர் 18,000 ரூபாய் கேட்டார். இணையத்தில் போட்டி வைத்தால் 6,000 ரூபாய்ப் பரிசுக்கே பலர் வரைந்து அனுப்புவார்கள் என்று மைத்துனர் சொன்னதால், போட்டியே வைத்துவிட்டேன்.

12 ஆகஸ்ட்

47 படங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவற்றில் இருப்பது மதுராவின் தட்டையான பால் பேடா. நம்முடையதோ கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவிட்டது. வெளியூர்க்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை, நான் எழுதிக் கொடுத்த விவரமே மூன்று வரிதான். பதினொரு படங்களில் ‘பேடா’வின் ஏகாரக் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஒரே ஒரு படத்தின் செம்பழுப்பு நிறம் மனத்தைக் கவர்ந்தது. ஆனால் மீதி 46 பேருக்கும் கூலி கிடையாது; என் அடுப்படியில் இப்படிச் செய்தால் மறுநாள் ஓர் ஆளும் வேலைக்கு வரமாட்டார்.

19 ஆகஸ்ட்

பரிசு பெற்ற படக் கோப்பைக் கணினியில் திறந்த அச்சகத்தார் உதட்டைப் பிதுக்கினார். அது பெரிதாக்கினால் சிதறிப்போகும் பிக்சல் படம்; திரைக்கான ஆர்ஜிபி நிறத்தை அச்சுக்குரிய சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றியதும் செம்பழுப்பு சேற்று நிறமாயிற்று. நிகர எடை, விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், சைவ உணவு என்று காட்ட பச்சைச் சதுரத்துக்குள் இருக்கவேண்டிய பச்சைப் புள்ளி ஆகிய எதற்கும் அதில் இடம் விடப்படவில்லை. போதாக்குறைக்கு, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை எழுத்து மூலமாகக் கையொப்பத்துடன்தான் கைமாறும் என்றும், காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்கு மட்டுமே என்றும் வழக்கறிஞர் நண்பர் விளக்கினார். வென்றவர் உரிமையை எழுதி அனுப்பிய தாளில் காலமே இல்லை.

25 ஆகஸ்ட்

சத்துவாச்சாரிப் பெண்ணையே வரவழைத்தேன். மடிக்கணினியை அவர் வெளியே எடுக்கவேயில்லை. மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை கடை ஓரத்தில் நின்று, வாங்குபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அண்ணா, இத எவ்ளோ தூரம் எடுத்துனு போவாங்க?” என்று கேட்டார். பெங்களூரு பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு என்றேன். பாகு கசியும் என்பதால் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு வேண்டும் என்றும், அலமாரியில் அடுக்கும்போது பக்கவாட்டுதான் தெரியும் என்பதால் பெயர் அங்கேயும் வரவேண்டும் என்றும் குறித்துக்கொண்டார். உரிமை முழுவதையும், பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதற்கும் என்று குறிப்பிட்டே எழுதித் தரவும் சம்மதித்தார். விலையில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

6 செப்டம்பர்

மாதிரிப் பெட்டி வந்துவிட்டது. பாகோடு பத்துப் பேடாக்களை நிரப்பி, அடியில் வெள்ளைத்தாள் விரித்து, விடியும்வரை அலமாரியில் வைத்திருக்கிறேன்.