மைக்கேல் ஜாக்சன் கேசட்டுகள் கணினிக்கு: நான்கில் மூன்று முடிந்தது

கையில் இருப்பவை 'ஆஃப் தி வால்' (1979), 'த்ரில்லர்' (1982), 'பேட்' (1987), 'டேஞ்சரஸ்' (1991). எல்லாம் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பொறுக்கியவை.

நான்கிலும் பூஞ்சை. உப்புக்காற்று ஊரில் பல வருடம் பெட்டிக்குள் கிடந்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி வராமல் இருக்குமா! அப்படியே ஓட்டினால், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் அப்பி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். ஐந்து திருகாணியைக் கழற்றி, 99% ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் விளிம்பை மட்டும் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட விட வேண்டும். முகக்கவசம் கட்டாயம். 'ஆஃப் தி வால்' திருகாணி இல்லாத ஒட்டு ஓடு. பிளேடால் பிளந்து, சுருளை வேறொரு காலி கேசட்டுக்கு மாற்றியாயிற்று. 'பேட்'டில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தது. அது இல்லாவிட்டால் ஒலி கம்பளிக்குள் இருந்து வருவதுபோல மந்தமாகும்.

நேரம் தின்றது 'த்ரில்லர்'தான். நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 'பில்லி ஜீன்' நிமிடத்துக்குச் சுமார் 117 தட்டு. 117 தட்டை எண்ணிப் பார்த்தால் 61.2 வினாடி. 2% மெதுவு, அதாவது அரைச்சுருதியில் மூன்றில் ஒரு பங்கு இறக்கம். மென்பொருளில் வேகத்தைக் கூட்டினால் சுருதி சேரும். ஆனால் பிளேயரின் மோட்டாரில் மாட்டிய ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் ஒரே சீராக ஓடாது, நீண்ட சுரங்கள் ஆடும். அந்த ஆட்டம் போகாது. பெல்ட்டை மாற்றிவிட்டு, மோட்டாரின் பின்துளைக்குள் இருக்கும் வேகத் திருகை நூலளவு திருப்பியதும் 60க்கு வந்தது.

அடுத்து ஹெட்டின் சாய்வு. பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகாணியை, மோனோவில் கேட்டபடி, ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) பளிச்சென்று வரும்வரை திருப்ப வேண்டும். அதே பாட்டின் தொடக்கத்தில் தனியாக வரும் டிரம்ஸ் இதற்கென்றே அடித்ததுபோல இருக்கிறது.

பதிவு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் -6 டெசிபல். லைன்-இன் துளைதான், மைக் துளையில் செருகினால் ஒலி உடையும்.

குயின்சி ஜோன்ஸ் தயாரித்த முதல் மூன்றும் 50 நிமிடத்துக்குள். அவர் இல்லாமல் வந்த 'டேஞ்சரஸ்' 77 நிமிடம். அவ்வளவும் அடங்க நாடா மெலிய வேண்டும்: சி-60 (60 நிமிட கேசட்டு) நாடா சுமார் 18 மைக்ரான் என்றால் சி-90 (90 நிமிடம்) சுமார் 12தான். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரில் பிசுக்கு இருந்தால் நாடாவைச் சுருட்டிக்கொள்ளும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வேகமாகச் சுற்றாமல் பிளேயிலேயே ஒருமுறை முழுக்க ஓட்டிய பிறகுதான் அதைப் பதிவுக்கு எடுப்பது.