குமிழிக்கு முன்னால் ஒரு கூட்டம்

சிற்பக் கண்காட்சி என்றால் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டு, ஏசி ஹாலில் அரை மணி நேரம் கையைக் கட்டியபடி நடந்துவிட்டு, கேன்டீனில் ஒரு காபி குடித்துத் திரும்புகிற சமாச்சாரம் என்று நினைப்பவர்களை ஜப்பானின் நீகாட்டா மாகாணத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். அங்கே எச்சிகோ-சுமாரி என்ற மலைப்பகுதியில் 2000-ல் தொடங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை (நடுவில் கொரோனாவால் ஒரு தடவை தள்ளிப்போனது) நடக்கும் கலைத் திருவிழாவின் பரப்பு 760 சதுர கிலோமீட்டர். டோக்கியோவின் 23 வார்டுகளைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. ஒரு சிலை இந்த மலையில் இருந்தால் அடுத்தது அந்த மலைக்குப் பின்னால். ஏற்பாட்டுக் கோளாறெல்லாம் இல்லை, இயக்குநர் கிதாகவா ஃபுராம் வேண்டுமென்றேதான் சிதறவிட்டிருக்கிறார். இளசுகள் நகரத்துக்குப் போய்விட, வயசானவர்களும் நெல்லும் ஆளுயரத்துக்கு மேல் கொட்டும் பனியும் மட்டுமே மிஞ்சிய ஊர்கள். அலைந்து திரிந்தால்தான் வருகிறவன் ஊரைப் பார்ப்பான் என்று கணக்கு. நல்ல கணக்குதான், கார் ஓட்டுகிறவனைக் கேட்காதவரை.

நேவிகேஷன் அம்மணி "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று அறிவித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும்போது ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் மரக்காடு, நடுவில் ஒரே ஒரு கார் போகிற அகலத்தில் ரோடு. எதிரே டிராக்டர்.

இதில் டிக்கெட்டின் பெயர் பாஸ்போர்ட். சின்னப் புத்தகம், ஒவ்வொரு படைப்பு இருக்குமிடத்திலும் அதற்கென்று ஒரு ஸ்டாம்ப் வைத்திருப்பார்கள். இந்த விவரம் என் மனைவிக்குத் தெரிந்த நிமிடத்தோடு எங்கள் கலைப்பயணம் முடிந்து வசூல் பயணம் ஆரம்பித்தது. சிற்பத்துக்கு அரை நிமிடம், மை சரியாகப் பதிந்திருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்க்க இரண்டு நிமிடம்.

ஆனால் மாட்சுதாய் என்ற ஊரில் அவளும் நின்றுவிட்டாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, எதிர்ச்சரிவின் படிக்கட்டு வயல்களில் உழுகிறவர், விதைக்கிறவர், அறுக்கிறவர் என்று நீலத்திலும் மஞ்சளிலும் தட்டையான உருவங்கள் நிற்கின்றன. இல்யா, எமிலியா கபகோவ் என்ற கலைஞர் தம்பதி 2000-ல் செய்தது. இந்தப் பக்கம் மேடையில் நின்று பார்த்தால், கம்பிச் சட்டத்தில் தொங்கும் எழுத்துகள் அந்த வயல்மேலேயே எழுதியதுபோல வந்து உட்காருகின்றன. நிலத்துக்காரர் முதலில் முடியாது என்றவராம். எவன் சம்மதிப்பான், தாத்தா காலத்து வயலில் பொம்மை நடுகிறேன் என்றால்?

அப்புறம் கியோட்சு பள்ளத்தாக்கு. 750 மீட்டர் சுரங்கப் பாதை, 2018-ல் சீனாவின் மா யான்சோங் நடத்தும் எம்ஏடி என்ற கட்டடக்கலை நிறுவனம் முழுசையும் கலைப்படைப்பாக மாற்றிவிட்டது. கடைசியில் தரையில் ஆழமில்லாமல் தண்ணீர் நிற்கும், வெளியே தெரியும் மலை அதில் தலைகீழாக விழுந்து முழுவட்டமாகிவிடும், அங்கே போட்டோவுக்கு நிற்கும் வரிசையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விஷயம் அதற்கு முன்னால், பாதி வழியில் இருக்கிறது. பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு பெரிய குமிழி. இது என்ன சிற்பம் என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருக்க, என் மனைவி நேராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அது கழிப்பறை. வெளியிலிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும், உள்ளே இருப்பவருக்கு வெளியே நடப்பதெல்லாம் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்தது. ஒரு பாட்டி தொப்பியைச் சரிசெய்தார். இரண்டு பெண்கள் உதட்டுச்சாயம் பூசினார்கள், ஒருவர் பல்லிடுக்கை நிதானமாகக் குடைந்தார். பிறகு எல்லோருமாகக் குமிழியைப் பார்த்து வரிசையாக நின்று, இரண்டு விரலைத் தூக்கிச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் போலிருந்தவருக்கு முதல் படம் திருப்தியாக இல்லை, இன்னொன்று. உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஜப்பானிய மொழி போதவில்லை. போதியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கூட்டம் நகர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அந்தப் பல் குத்தினவர் என் மூஞ்சிக்கு நேரா..." என்று ஆரம்பித்தவளுக்குப் பேச்சு வரவில்லை. நானும் சேர்ந்து சிரித்து, பாவம் அந்த மனுஷர் என்றேன்.

"அவரை விடுங்க," என்றாள், "அவங்க வர்றதுக்கு முன்னாடி வயித்தை எக்கிக்கிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு திரும்பித் திரும்பிப் பார்த்தீங்களே, அதுதான் டாப்பு."