மேற்கிந்தியப் பூர்வீகம், ஆங்கிலப் பூர்வீகம்: வருமானத்தை ஒப்பிடும் முன்

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் பொருளாதாரமோ புள்ளியியலோ முதுகலை படித்துக்கொண்டு, புராஜெக்டுக்கு அமெரிக்க மக்கள்தொகைத் தரவை எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் தரவு இலவசம், ஒவ்வொரு நபரின் பதிவும் தனித்தனியாகக் கிடைக்கிறது, பூர்வீகம் என்ன என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. அதனால் 'மேற்கிந்தியர், அதாவது கரீபியத் தீவுப் பூர்வீகத்தார், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், ஆங்கிலப் பூர்வீகத்தார் எவ்வளவு' என்ற தலைப்பு சுலபமாகத் தெரியும். இரண்டு எண்ணை எடுத்து அருகருகே போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒருவரின் வருமானத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் எந்த வரிசையில் போய் விழுகிறார் என்பது பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்த ஒப்பீட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் சோவெல். 1981-இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் அமெரிக்கச் சராசரிக் குடும்ப வருமானத்தை 100 என்று வைத்தால் ஆங்கிலோ சாக்சன் குடும்பங்களுக்கு 107, மேற்கிந்தியருக்கு 94, கறுப்பினத்தவர் மொத்தத்துக்கு 62. ஒரே நிறம், ஒரே நாடு, ஆனாலும் 94-க்கும் 62-க்கும் இவ்வளவு இடைவெளி இருக்கிறதே, அப்படியானால் பாகுபாடு ஒன்றே காரணமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் பிறகு. அவர் சார்ந்திருந்த 1970 கணக்கெடுப்பில் பூர்வீகக் கேள்வியே கிடையாது. பிறந்த நாடும் பெற்றோர் பிறந்த நாடும்தான் இருந்தன. ஆகவே அதில் மேற்கிந்தியர் என்று அகப்பட்டவர்கள் புலம்பெயர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மட்டுமே. பேரப்பிள்ளைகள் பொதுக் கறுப்பினக் கணக்கில் கலந்துவிட்டார்கள். அதோடு மேற்கிந்தியரில் பெரும்பகுதி நியூயார்க் வட்டாரத்தில் இருந்தது. கூலியும் வாடகையும் நாட்டுச் சராசரியைவிட உயர்ந்த இடம் அது.

பூர்வீகக் கேள்வி முதன்முதலில் 1980 கணக்கெடுப்பில் வந்தது. அப்போது 4.96 கோடிப் பேர் 'ஆங்கிலேயர்' என்று எழுதினார்கள். 1990-இல் 3.27 கோடி. 2000-இல் 2.45 கோடி. இருபது ஆண்டில் பாதிப் பேர் செத்துப்போகவில்லை. 1980 படிவத்தில் கேள்விக்குக் கீழே தரப்பட்ட உதாரணங்களில் 'ஆங்கிலேயர்' இருந்தது, 1990 படிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். வெறுமனே 'அமெரிக்கர்' என்று எழுதியவர்களோ 1990-இல் 1.24 கோடியிலிருந்து 2000-இல் 2.02 கோடியாக ஏறினார்கள். பிறகு 2020-இல் வெள்ளையர் என்ற கட்டத்தின் கீழேயே எழுத இடம் விட்டு, உதாரணங்களில் 'ஆங்கிலேயர்' மறுபடி சேர்ந்தபோது எண்ணிக்கை 4.66 கோடிக்குத் திரும்பியது.

நம் ஊர்த் தரவில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்துக்கு 39 லட்சம் பேர். 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தபின் இன்றைய எல்லைக்குள் அதே 2011 கணக்கில் 16 லட்சம்தான். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலின் வருமானம் ஒரு நாளில் 'வேலூர்' கணக்கைவிட்டு வெளியே போனது. யாரும் ஏழையாகிவிடவும் இல்லை, பணக்காரராகிவிடவும் இல்லை. ஆங்கிலப் பூர்வீகத்துக்கு நடந்ததும் இதே வகை. 'அமெரிக்கர்' என்று எழுதியவர்கள் கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா போன்ற மலை, உள்நாட்டு மாநிலங்களில் செறிந்திருக்கிறார்கள், அங்கே வருமானம் குறைவு. அவர்கள் வெளியேறினால் மிச்சமுள்ள ஆங்கில வரிசையின் வருமானம் தானாக ஏறும். இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: ஆங்கிலேயர் மட்டும் ஒரு வரிசை, ஆங்கிலேயரோடு 'பிரிட்டிஷ்', 'அமெரிக்கர்' சேர்த்து இன்னொரு வரிசை. இரண்டையும் போட்டுப் பாருங்கள். விடை பெரிதாக மாறினால் உங்கள் முடிவு படிவத்தின் வார்த்தையைச் சார்ந்தது.

மேற்கிந்தியர் பக்கத்தில் சிக்கல் வேறு. கணக்கெடுப்பு அலுவலகத்தின் 'மேற்கிந்தியர்' தொகுப்பில் ஜமைக்கா, ஹைதி, டிரினிடாட், பார்படோஸ், பஹாமாஸ், பெலிஸ், பெர்முடா முதலானவை அடக்கம். கியூபா, பியூர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஸ்பானிய மொழியினர் என்பதால் இதில் இல்லை. கயானா தனி வரி. வட ஆர்க்காட்டுக்காரர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் மாவட்டத்தார் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். கரீபியனுக்குப் போனவர்களில் பெரும்பகுதி கல்கத்தா துறைமுகம் வழி, சென்னை வழியாகப் போனவர்கள் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மை கயானாவில் 'மதராசி' என்ற பெயரோடும் மாரியம்மன் கும்பிடுதலோடும் நிலைத்தது. அவர்கள் வழியில் வந்தவர் இன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ரிச்மண்ட் ஹில்லில் குடியிருந்தால் படிவத்தில் 'கயானீஸ்' என்று எழுதலாம், 'மேற்கிந்தியர்' என்று எழுதலாம், 'இந்தியர்' என்றும் எழுதலாம். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி மூன்று வரியில் போய் விழ முடியும். ஆகவே கயானாவைச் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தொகுப்பு என்ற சொல்லை நம்பி ஹைதியையும் ஜமைக்காவையும் ஒன்றாகக் கலப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஜமைக்காவிலிருந்து 1965 குடியேற்றச் சட்டத்துக்குப்பின் நர்சுகளும் ஆசிரியர்களும் விசாவோடு வந்தார்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். ஹைதியிலிருந்து 1957-க்குப்பின் சர்வாதிகாரி டுவாலியே ஆட்சிக்குத் தப்பிய படித்த வர்க்கம் முதலில் வந்தது, பிறகு படகில் வந்தவர்கள், 2010 நிலநடுக்கத்துக்குப்பின் தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்கள். இந்த எல்லாருக்கும் ஒரே சராசரி சொன்னால் அது யாருடைய வாழ்க்கையையும் காட்டாது. குறைந்தது ஹைதியை ஒரு வரியாகவும், ஆங்கிலம் பேசும் தீவுகளை ஒரு வரியாகவும் பிரித்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். அட்டவணை மட்டும் போதும் என்றால், ஆண்டுதோறும் மாதிரி வீடுகளில் எடுக்கப்படும் அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பின் பி04006 அட்டவணையில் ஒவ்வொரு பூர்வீகத்துக்கும் தலை எண்ணிக்கை கிடைக்கும். ஒரே பூர்வீகம் எழுதியவர்கள் பி04004, ஒன்றுக்கு மேல் எழுதியவர்கள் பி04005. ஓராண்டு அட்டவணை 65,000 பேருக்கு மேல் உள்ள பகுதிகளுக்கு மட்டும். சிறிய ஊர், சிறிய தீவுக் குழு என்றால் ஐந்தாண்டுத் தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

உண்மையான ஒப்பீட்டுக்குத் தனிநபர் பதிவுகள் தேவை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளத்தில் பதிவு செய்து எடுக்கலாம். ஐந்தாண்டுக் கோப்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பதிவுகள் இருக்கும். முழுவதையும் இறக்கினால் சாதாரண லேப்டாப் திணறிவிடும். தளத்திலேயே முதல் பூர்வீகக் குறியீடு 22 ஆங்கிலேயர், 308 ஜமைக்கா, 336 ஹைதி, 370 கயானா என்று வடிகட்டிக்கொண்டு இறக்குங்கள். மற்றத் தீவுகளின் எண்களைக் குறியீட்டுப் பட்டியலில் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் திறக்க வேண்டாம். ஒரு தாளில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும். மிச்சத்தை வெட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அதை ஓகே கொடுத்து மூடியவர், பாதித் தரவில் புராஜெக்டை முடிப்பார். ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியே இதற்குப் போதும்.

இறக்கியதும் முதலில் 9999999 என்ற வருமானத்தை நீக்குங்கள். அது 'பொருந்தாது' என்பதற்கான குறியீடு. 15 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தனிநபர் வருமானத்திலும், விடுதி, சிறை, முதியோர் இல்லம் போன்ற கூட்டு இருப்பிடங்களில் உள்ளவர்களின் வீட்டு வருமானத்திலும் அது வரும். விட்டுவைத்தால் கூட்டுச் சராசரி வானத்துக்குப் போகும். அடுத்து எடை, அதாவது ஒரு பதிவு எத்தனை பேருக்கு அல்லது வீடுகளுக்கு ஈடு என்ற எண். தனிநபர் வருமானத்துக்கு நபர் எடை, வீட்டு வருமானத்துக்கு வீட்டு எடை, அதுவும் குடும்பத் தலைவரின் பதிவை மட்டும் எடுத்து. இதைத் தவறவிட்டால் ஆறு பேர் உள்ள வீடு ஆறு முறை எண்ணப்படும். மேற்கிந்திய வீடுகளில் கூட்டுக் குடும்பம் அதிகம் என்பதால் பிழை ஒரு பக்கமாகவே சாயும்.

வீட்டு வருமானமா, தனிநபர் வருமானமா என்பதில் நான் கறாராக இருப்பேன். மூன்று பேர் தலைக்கு 30,000 டாலர் சம்பாதிக்கும் வீட்டுக்கு 90,000. ஒருவர் மட்டும் 70,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு 70,000. முதல் வீடு வசதியானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேற்கிந்தியப் பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் உயர்வு. மருத்துவமனைகளிலும், முதியோரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் பெருமளவில் இருக்கிறார்கள். ஆகவே வீட்டு வருமானம் மட்டும் பார்த்தால் அவர்கள் நிலை உண்மையைவிட நன்றாகத் தெரியும். வீட்டு வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது வழக்கமான திருத்தம். நான்கு பேர் உள்ள வீட்டில் 80,000 என்றால் 2-ஆல் வகுத்து 40,000.

ஆங்கிலப் பூர்வீகத்தாரிடம் இது எதிர்ப்பக்கம் போகும். அவர்களில் வயதானவர்கள் அதிகம். ஓய்வு பெற்றவருக்கு வருமானம் குறைவு, ஆனால் கடன் முடிந்த வீடு கையில் இருக்கும். அதனால் 25 முதல் 54 வயது வரை, ஆண்டில் 50 வாரத்துக்கு மேல், வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவர்களை மட்டும் எடுத்து, ஆண் பெண் பிரித்து, இடைநிலை அளவைப் பாருங்கள். மெயின், வெர்மான்ட், யூட்டா ஆகிய மாநிலங்களில் ஆங்கிலப் பூர்வீகம் அடர்த்தி. மேற்கிந்தியர் நியூயார்க்கிலும் ஃப்ளோரிடாவிலும். நாடு முழுக்க ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது பாதி விலைவாசியைத்தான். நியூயார்க் பெருநகரத்துக்குள் இருக்கும் இரு தரப்பையும் எடுத்து ஒரு முறை செய்து பார்த்தால் இடைவெளியின் அளவே மாறிவிடும்.

யார் புறப்பட்டு வந்தார்கள் என்பதும் கணக்கு. வேலூரில் நர்சிங் படித்து ஹூஸ்டனில் வேலை பார்ப்பவர் சம்பளத்தை வைத்து அணைக்கட்டு, பேரணாம்பட்டுக் கூலி வீடுகளின் திறமையை யாரும் அளக்க மாட்டார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்த நர்சை ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினக் குடும்பத்தோடு வைத்துப் பண்பாட்டு முடிவு சொல்வதும் அதே தவறு. தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு இடம் மாறிய அமெரிக்கக் கறுப்பினத்தாரோடு ஒப்பிட்டபோது மேற்கிந்தியரின் முன்னிலை பெருமளவு சுருங்கியதைப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலப் பூர்வீகத்தாரோ பத்துத் தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். அவர்களோடு முதல் தலைமுறையை வைக்காமல், அமெரிக்காவில் பிறந்த மேற்கிந்தியரை வையுங்கள். பிறந்த இடம் என்ற குறியீடு அதற்குத்தான் இருக்கிறது.

சொத்தைப் பற்றி இந்தத் தரவு அநேகமாக எதுவும் சொல்லாது. வீடு சொந்தமா, கடன் உண்டா, மதிப்பு என்ன என்பது வரை கேட்கும், சேமிப்பைக் கேட்காது. இதுதான் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் வரைபடங்களில் கறுப்பினத்தவர் இருந்த பகுதிகள் கடன் தரத் தகாதவை என்று சிவப்பு பூசப்பட்டன. புரூக்ளினின் பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் அதில் ஒன்று. வங்கிக் கதவு மூடியிருந்த இடத்தில் மேற்கிந்தியர் தங்களுக்குள் சீட்டுப் பிடித்து வீடு வாங்கினார்கள். டிரினிடாட்டில் அதற்கு 'சூசூ', ஜமைக்காவில் 'பார்ட்னர்', கயானாவில் 'பாக்ஸ் ஹேண்ட்'. இருபது பேர் வாரம் 200 டாலர் போட்டால் வாரம் ஒருவருக்கு 4,000. ஏலம் கிடையாது, கழிவு கிடையாது. நம்மூர்க் குலுக்கல் சீட்டுக்கு நெருக்கம், ஏலச்சீட்டுக்குத் தூரம். குடியாத்தத்தில் மாதச் சீட்டு கட்டுகிறவருக்கு இதன் பலமும் ஆபத்தும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு அனுப்பும் பணமும் இப்படித்தான். ஜமைக்கா, ஹைதி இரண்டின் பொருளாதாரமும் அதை நம்பி நிற்கிறது. நியூயார்க் வீட்டு வருமானத்தில் முழுதாகத் தெரியும் அந்தப் பணம், நியூயார்க் வீட்டில் செலவாவதில்லை.

பிரிட்டனின் கணக்கெடுப்பை எடுத்து இதோடு ஒட்டவைக்க வேண்டாம். அங்கே கேட்பது இனக்குழு, இங்கிலாந்து வேல்ஸ் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்பதே இல்லை.

கடைசியாக, வித்தியாசம் உண்மையானதா என்ற சோதனை. வெளியிடப்படும் பிழை வரம்பு 90 சதவீத நம்பகத்துக்கானது. அதை 1.645-ஆல் வகுத்தால் திட்டப் பிழை. கற்பனை எண்களில் செய்து காட்டுகிறேன்: ஒரு குழுவுக்கு 72,000, வரம்பு 1,500, மற்றதற்கு 68,000, வரம்பு 2,600. திட்டப் பிழைகள் 912, 1,581. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,825. வித்தியாசம் 4,000-ஐ அதால் வகுத்தால் 2.19. 1.645-ஐவிட அதிகம், ஆகவே நிற்கும். நீங்களே பதிவுகளிலிருந்து கணக்கிட்டால் பிழையை அளக்கவே தரப்படும் 80 மாற்று எடைகளையும் இறக்க வேண்டும். ஒவ்வொன்றாலும் இடைநிலையைக் கணக்கிட்டு, முதன்மை மதிப்பிலிருந்து விலகலை வர்க்கப்படுத்திக் கூட்டி, 4/80-ஆல் பெருக்கினால் மாறுபாடு. அதன் வர்க்கமூலம்தான் திட்டப் பிழை. பார்படோஸ், பெர்முடா போன்ற சிறு குழுக்களை வயது, பாலினம், பெருநகரம் என்று வெட்டிக்கொண்டே போனால் கட்டத்தில் பத்திருபது பேர்தான் மிஞ்சுவார்கள். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எடையில்லாத பதிவு எண்ணிக்கையைச் சிறிய எழுத்தில் போடுங்கள். அது முப்பதுக்குக் கீழே போனால் அந்தத் தீவைப் பக்கத்துத் தீவோடு சேர்த்துவிடுங்கள்.