கானாடுகாத்தான் போர்ஷே 944-க்கு டைமிங் பெல்ட் மாற்றிய அனுபவம்

வண்டியை வாங்கிய அன்று நான் அதை ஸ்டார்ட் செய்யவே இல்லை. கானாடுகாத்தானில் அந்த வீட்டு ஆச்சி சாவியைக் கையில் கொடுத்து, "பேட்டரி மட்டும் போட்டீகன்னா ஓடும், ஓடுன வண்டிதான்" என்றார்கள். ஓடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ரெக்கவரி வண்டியை வரச்சொல்லி, மேலே ஏற்றிக் கட்டித்தான் காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன். பதினைந்து கிலோமீட்டர்தான். தெருவில் நின்று பார்த்தவர்கள் ரிப்பேர் வண்டியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வண்டி 1986 போர்ஷே 944. செட்டியார் மலேசியாவில் இருந்தபோது வாங்கியது. குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு இதுவும் கப்பலில் வந்தது. அதனால் வலது பக்க ஸ்டியரிங். அவர் காலமான பிறகு மகன்கள் வெளியூரில், வண்டி இரண்டாம் கட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில். ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த இருபது வருடமும் இந்த மாடலை ரோட்டில் கண்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒன்று நிற்கிறது என்று தெரிந்தபோது தூக்கம் போய்விட்டது.

ஸ்டார்ட் செய்யாததற்குக் காரணம் இந்த எஞ்சினின் அமைப்பு. 2,479 சிசி, நாலே சிலிண்டர். இதே கம்பெனியின் 928-ல் இருந்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் பாதி என்று சொல்லலாம். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது ஒரு ரப்பர் பல்பெல்ட். அதுதான் டைமிங் பெல்ட். அந்த பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்றுபோன வால்வுகளைப் பிஸ்டன் வந்து அடித்து வளைத்துவிடும். அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்ற வேண்டும். பெல்ட் விலையோடு ஒப்பிடவே முடியாத செலவு அது.

கையுறைப் பெட்டியில் பில் கட்டு ஒன்று இருந்தது. கடைசியாக பெல்ட் மாற்றியது 2006-ல். அதற்குப் பிறகு ஓடியது 4,000 கிலோமீட்டர்கூட இல்லை. கழனிவாசல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் அந்த பில்லைப் பார்த்துவிட்டு, "நாலாயிரந்தானே தம்பி, புது பெல்ட்டு மாதிரி. ஒரு செல்ஃப் அடிச்சுப் பாப்போம்" என்றார். முப்பது வருடம் அம்பாசிடரும் கான்டெஸாவும் பார்த்தவர், மாருதிக்கு எத்தனையோ பெல்ட் போட்டவர். அவரிடம் மறுத்துப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகும். ஒரே இடத்தில் புல்லியைச் சுற்றி மடங்கியபடி வருடக்கணக்காக நின்ற பெல்ட், ஓடிய பெல்ட்டைவிட மோசமாகவும் இருக்கலாம். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 48,000 கிலோமீட்டர் அல்லது நாலைந்து வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறார்கள். இதையெல்லாம் சொன்னேன். "சரி, உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்றார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

சாமான் வந்துசேர ஏழு வாரம். பெல்ட் மட்டும் வாங்கினால் போதாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை, வழி உருளைகள், முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல், பேலன்ஸ் ஷாஃப்ட் சீல்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் எல்லாம் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியவை. வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே டைமிங் பெல்ட்தான், பல்லில்லாத முதுகுப் பக்கத்தால். பம்ப் பேரிங் பிடித்துக்கொண்டால் புது பெல்ட்டும் போய்விடும். பம்ப் ஒழுகினால் கூலன்ட் பெல்ட்டில் இறங்கும். பம்பை எட்ட பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எனவே பம்பை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆரம்பித்தோம். பழைய பெட்ரோலை வடித்தோம். ரேடியேட்டரையும் ஃபேனையும் கழற்றி முன்பக்கத்தில் இடம் பண்ணினோம். ஆல்டர்னேட்டர் பெல்ட், பவர் ஸ்டியரிங் பெல்ட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குப் பின்னால் பெல்ட் மூடிகள். ஒன்றையும் கழற்றுவதற்கு முன்பே எஞ்சினை டாப்புக்கு, அதாவது முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். ஃப்ளைவீல் கூட்டில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓ.டி. என்று பொறித்த கோடு தெரியும். அது நேராக வரும்போது கேம் புல்லியின் கோடும் பின்மூடியில் இருக்கும் குறியும் ஒன்றாக நிற்க வேண்டும். நின்றது. அண்ணன் வெள்ளைப் பெயின்ட் தொட்டு எல்லாப் புல்லியிலும் தன் பங்குக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

கிராங்க் போல்ட் 24 எம்.எம். திரும்ப முடுக்கும்போது 210 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டிய போல்ட் அது. கழற்ற அதைவிடக் கூட வேண்டியிருக்கும். கியர் போட்டு நிறுத்திப் பார்த்தால் வண்டிதான் ஆடியது. பக்கத்து லேத் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் பல் வெட்டி, ஃப்ளைவீல் பல்லைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு பூட்டு செய்து வாங்கினோம். ஸ்பேனரில் ஜி.ஐ. பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்கியபோது "டொக்" என்று ஒரு சத்தம். போல்ட்தான் முறிந்துவிட்டது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. முறியவில்லை, கழன்றிருந்தது.

பெல்ட்டைக் கையில் எடுத்ததும் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பின்பக்கமாக மடக்கிப் பார்த்தார். ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை விரிசல். கிராங்க் சீல் கசிந்து, பெல்ட்டின் ஒரு ஓரம் எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று இருந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை மடக்கினார். ஒரு பல் அப்படியே பெயர்ந்து அவர் கைக்கு வந்தது. "நல்லவேளை தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வேலையின் வேகமே மாறிவிட்டது. மற்ற வண்டிகளை அனுப்பிவிட்டு இதையே பார்த்தார்.

இரண்டாம் நாள்தான் இந்த வண்டியின் ரகசியம் ஒன்று வெளியே வந்தது. இவ்வளவு பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே அதிரும். அந்த அதிர்வை அடக்க பிளாக்கின் இரண்டு பக்கமும் எடை வைத்த இரண்டு பேலன்ஸ் ஷாஃப்டுகள் உண்டு. கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றும். இந்த ஏற்பாட்டை போர்ஷே மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கிச் செய்தது. இதற்குத் தனி பெல்ட், இரண்டு பக்கமும் பல் வைத்தது. ஷாஃப்டுகளின் புல்லிகள் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும், புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டான சாவி உட்கார இரண்டு காடிகள், அருகே ஓ, யு என்று எழுத்துகள். ஜெர்மன் மொழியில் 'ஓபன்' என்றால் மேலே, 'உன்டன்' என்றால் கீழே. மேல் ஷாஃப்டுக்கு ஓ, கீழ் ஷாஃப்டுக்கு யு. எங்கள் வண்டியில் இரண்டிலுமே ஓ-வில்தான் சாவி உட்கார்ந்திருந்தது.

அதாவது 2006-ல் செய்தவர்கள் கீழ்ப் புல்லியைத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். அடக்க வேண்டிய ஷாஃப்டே அதிர்வைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆச்சி முன்பே சொல்லியிருந்தார்கள்: "சிக்னல்ல நின்னா நடுங்கும். ஐயாவுக்கு அது பிடிக்காமத்தான் ஓட்டுறதையே விட்டாக." அதைக் கேட்டபோது வயதான வண்டி, எஞ்சின் மவுன்டிங் போயிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் புல்லியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஆசையாக வாங்கிக் கடல் தாண்டிக் கொண்டுவந்த வண்டியை, ஒரு எழுத்தைப் படிக்காததால் ஒரு மனிதர் ஓட்டாமலேயே விட்டிருக்கிறார்.

பம்ப்தான் எங்களை அதிகம் படுத்தியது. ஆறு எம்.எம். போல்டுகள், அலுமினிய பிளாக்கில். கடைசியில் ஒன்று, கீழ் மூலையில் இருப்பது, தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. மிச்சம் பிளாக்குக்குள்ளே. சூடு காட்டினோம், ரஸ்ட் ஸ்ப்ரே ஊற்றி ராத்திரி முழுக்க விட்டோம், அசையவில்லை. காரைக்குடி செக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் சாயங்காலம் வந்து பார்த்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் அது. துருவைப் பற்றிக் கேட்க நம் ஊரிலேயே ஆள் இருப்பது அதனால்தான். பம்பின் உள்பக்கம் பொரிந்திருந்த வெள்ளைப் படிவத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "போர்த் தண்ணி ஊத்திருக்காங்கடா" என்றான். அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து உட்கார்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் கரைந்து கரைந்து, வெளியே வரும் உப்பு போல்ட்டை இறுக்கிக்கொள்ளும். கூலன்ட்டில் இருக்கும் மருந்து இதைத் தடுக்கத்தான். அது வெறும் நிறத் தண்ணீர் இல்லை.

போல்ட்டை எடுக்க வழி கண்டுபிடித்தது லேத் பட்டறைக்காரர். வெறும் கையால் டிரில் போட்டால் பிட் வழுக்கி மிருதுவான அலுமினியத்துக்குள் போய்விடும், பிளாக்கே வீணாகும். அவர் பழைய பம்பை மற்ற போல்டுகளால் அதே இடத்தில் மாட்டச் சொன்னார். முறிந்த போல்ட்டின் துளைக்குள் கச்சிதமாக உட்காரும் புஷ் ஒன்றை லேத்தில் கடைந்தார், நடுவில் மூன்று எம்.எம். ஓட்டை. அதன் வழியே டிரில் போட்டால் பிட் வேறெங்கும் போக முடியாது. நடுமையம் பிடித்த பிறகு ஐந்து எம்.எம். பிட், கடைசியில் மரை வெட்டும் ஆறு எம்.எம். டேப். பழைய போல்ட்டின் மிச்சம் சுருள் சுருளாக மரையோடு வெளியே வந்தது, பிளாக் மரைக்கு ஒரு சேதமும் இல்லை. கழிக்க வைத்திருந்த பம்பையே அளவுச் சட்டமாக்கிய அந்த மனிதருக்கு நான் கொடுத்த கூலி போதவே போதாது.

புது பம்பை மாட்டும்போது இந்தச் சின்ன போல்டுகளுக்கு டார்க் ரென்ச்சையும் பெரிதாக நம்பக் கூடாது. கைப்பிடியைச் சுருக்கிப் பிடித்து, குறுக்காகக் குறுக்காக, மூன்று சுற்றில் முடுக்கினோம்.

பெல்ட்டின் இறுக்கம்தான் கடைசிச் சண்டை. 1987 முதல் வந்த வண்டிகளில் ஸ்பிரிங் டென்ஷனர் உண்டு. 1986-ல் இல்லை, கையால்தான் திருப்பி வைக்க வேண்டும். போர்ஷே பட்டறைகளில் இறுக்கத்தை அளக்க இதற்கென்றே 9201 என்று எண் போட்ட கேஜ் இருக்கிறது. பழையது ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அண்ணனுக்கு விரல்தான் மீட்டர். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பெல்ட்டைத் திருகிப் பார்த்து "சரியா இருக்கு" என்றார். கேஜ் வைத்தால் முள் அளவைத் தாண்டி நின்றது. இறுக்கம் குறைந்தால் பல் தாவும், கூடினால் பம்ப் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும். அதிலும் இது அலுமினிய எஞ்சின். சூடானால் பிளாக் விரியும், பெல்ட் இன்னும் இறுகும். அதனால் குளிர்ந்த எஞ்சினில்தான் அளக்க வேண்டும். காரைக்குடி சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு எது குளிர்ந்த எஞ்சின்? மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். வந்தார். கேஜைப் பார்த்து டென்ஷனரை நூலளவு தளர்த்தினார். தளர்த்திவிட்டு பெல்ட்டைத் திருகிப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை அப்படியே செய்தார். விரலுக்குப் புது அளவு சொல்லிக்கொடுக்கிறார் என்று புரிந்து நான் ஒதுங்கி நின்றேன்.

பிறகு கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினோம். எங்கும் தட்டவில்லை. எல்லாக் குறியும் திரும்ப அதனதன் இடத்துக்கு வந்தது.

கூலன்ட்டுக்கு டிஸ்டில்டு வாட்டர் கேன்களை பேட்டரிக் கடையில் வாங்கி, பாதிக்குப் பாதி கலந்தோம். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி பட்டறைச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஹெட்டின் முன்னால் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து ஊற்றினோம். குமிழி நின்று சீராக வழிந்த பிறகு மூடினோம்.

ஸ்டார்ட் செய்யும் முன் டி.எம்.இ. ரிலேயைக் கழற்றிவிட்டேன். பெட்ரோலும் நெருப்பும் இல்லாமல் செல்ஃப் மட்டும் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகு ரிலேயைத் திரும்ப மாட்டினோம். இரண்டாவது முயற்சியில் பிடித்தது. கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு நிதானத்துக்கு வந்தது. அண்ணன் எஞ்சின் மேல் டீ டம்ளரை வைத்தார். டீயில் மெல்லிய வளையங்கள் மட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானுக்கு ஓட்டிப் போனேன். ஆச்சி முகப்பிலிருந்து இறங்கி வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்கள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "இப்ப நடுங்கலையே" என்றார்கள். புல்லியில் இருக்கும் எழுத்தைப் பற்றிச் சொன்னேன். "அவுகளுக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு உள்ளே காபி போடச் சொன்னார்கள்.

புது பெல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் நீளும். ஆகவே 2,000 கிலோமீட்டரில் இன்னொரு தடவை இறுக்கம் பார்க்க வேண்டும். ஆவணியில் அது வந்தது. விடிகாலை நான் பட்டறைக்குப் போனபோது அண்ணன் விளக்கு போட்டு, பெல்ட் மூடிக்கான ஸ்பேனர்களை எடுத்து வைத்துக் காத்திருந்தார். முதலில் விரலால் திருகிப் பார்த்து, "லேசா தளர்ந்திருக்கு" என்றார். கேஜை வைத்தோம். அவர் சொன்னபடிதான் இருந்தது. சரிசெய்து மூடினோம். கேஜைத் துடைத்து அவருடைய டூல்ஸ் பெட்டிக்குள் வைத்தார். நானும் திருப்பிக் கேட்கவில்லை.