இடது கீழ் முனை என்றொரு ரிப்போர்ட்

பாராதைராய்டு என்பவை, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருந்து ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சுரப்பிகள். அவற்றின் அறுவை சிகிச்சைக்கு வருபவர்களின் கையில் பெரும்பாலும் தடிமனான ஃபைல் ஒன்று இருக்கும். எலும்பு வலி, சிறுநீரகக் கல், கணைய அழற்சி என்று பல டாக்டர்களைப் பார்த்து, கடைசியில் யாரோ ஒருவர் கால்சியம் டெஸ்ட் எழுதியிருப்பார். கால்சியம், பி.டி.எச். (எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இழுக்கும் பாராதைராய்டு ஹார்மோன்) இரண்டும் கூடியிருந்து, சிறுநீர்க் கால்சியத்தையும் பார்த்துவிட்டால் நோய் அநேகமாக உறுதி. பெருத்த சுரப்பி எங்கே என்று தேடத்தான் ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகவே ஆபரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அதற்குள் எலும்பு இன்னும் கரைந்திருக்கும்.

வீட்டில் லேசாக வழுக்கியதற்கே தொடை எலும்பு முறிந்த ஓர் அம்மா வந்தார். செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டில், தைராய்டின் இடது கீழ் முனைக்கு அருகே மருந்து தங்கியிருப்பதாக இருந்தது. "இடமே தெரிஞ்சிடுச்சே டாக்டர், சின்ன ஆபரேஷன்தானே?" என்று மகன் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கீழே இருப்பதெல்லாம் கீழ்ச் சுரப்பி ஆகிவிடாது.

பெரும்பாலானோருக்குப் பாராதைராய்டு நான்கு, பக்கத்துக்கு ஒரு மேல் சுரப்பி, ஒரு கீழ்ச் சுரப்பி. சிலருக்கு ஐந்தாவதும் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 40 மில்லிகிராம்தான். கருவில் மேல் சுரப்பிகள் நான்காவது தொண்டைப் பையிலிருந்தும், கீழ்ச் சுரப்பிகள் மூன்றாவது பையிலிருந்து, நெஞ்சுக்குள் போய்ச் சேரும் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்தும் இறங்குகின்றன. நெடுந்தூரம் வருவதால் கீழ்ச் சுரப்பி வழியில் எங்கும் தங்கிவிடலாம். தாடைக்குக் கீழேயும் இருக்கலாம், நெஞ்சுக்குள்ளும் இருக்கலாம். சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்கு ஆறு ஆபரேஷன்களில் கிடைக்காத கட்டி, 1932இல் பாஸ்டனில் ஏழாவது முறை நெஞ்சுக்குள்தான் கிடைத்தது. ஸ்கேன் இல்லாத காலம் அது.

மேல் சுரப்பி இவ்வளவு அலைவதில்லை. ஆனால் பெருத்துக் கனத்தால், உணவுக்குழாயை ஒட்டிப் பின்பக்கமாகச் சரிந்து இறங்கும். முன்பக்கப் படத்தில் அது கீழ்ச் சுரப்பியைப் போலவே தெரியும். குரல் நரம்பை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். கீழ்ச் சுரப்பி பொதுவாக நரம்புக்கு முன்னால், மேல் சுரப்பி பின்னால்.

அதனால் ரிப்போர்ட்டோடு நிற்காமல், ரேடியாலஜி டாக்டரோடு உட்கார்ந்து அதே மருந்து தங்கிய இடத்தை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்பெக்ட் சி.டி. படங்களைப் பக்கவாட்டில் ஓட்டிப் பார்த்தோம். கட்டி மூச்சுக்குழாய்க்குப் பின்னால், உணவுக்குழாயை ஒட்டி ஆழத்தில் இருந்தது. அல்ட்ராசவுண்டில் அது சரியாகப் படாததன் காரணமும் புரிந்தது. மூச்சுக்குழாய்க் காற்று அந்த இடத்தை மறைத்துவிடும். சரி, இது இறங்கி வந்த மேல் சுரப்பி என்று முடிவு செய்தோம்.

ஆபரேஷனில் முன்பக்கக் கொழுப்பைக் கிளறவே இல்லை. தைராய்டை உள்பக்கமாக ஒதுக்கி, குரல் நரம்பைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் போனோம். வெளிறிய மஞ்சள் கொழுப்புக்கு நடுவில் பழுப்புச் சிவப்பாக ஒரு விளிம்பு. மெல்லத் தொட்டதும் நழுவியது. நிணநீர் முடிச்சு இப்படி நழுவாது, கையில் கெட்டியாகத் தட்டுப்படும். கட்டியின் ரத்தக்குழாய் மேலேயிருந்து வந்ததைப் பார்த்தபோது அதன் பூர்வீகம் பற்றிச் சந்தேகமே இல்லை. கட்டியின் மேலுறை கிழியாமல் எடுக்க வேண்டும், கிழிந்து செல்கள் சிந்தினால் நோய் திரும்ப வரலாம். எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்ததில் பி.டி.எச். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த ஹார்மோனின் அரை ஆயுள் சில நிமிடங்கள்தான் என்பதால் தியேட்டரிலேயே இது தெரிந்துவிடுகிறது.

மறுநாள் அந்த அம்மாவுக்கு உதட்டைச் சுற்றி மரத்துப்போனது. இத்தனை நாள் கால்சியத்தை இழந்து பசித்த எலும்பு ரத்தத்திலிருந்து அதை இழுத்துக்கொள்ளும், எதிர்பார்த்ததுதான். டிரிப்ஸில் கால்சியம் ஏற்றி, அப்புறம் மாத்திரைக்கு மாற்றினோம்.

இப்போது ரேடியாலஜி டாக்டரிடம் நான் கேட்பது, கட்டி எவ்வளவு ஆழம், உணவுக்குழாய்க்கு எவ்வளவு பக்கம் என்பதைத்தான். அவரும் ரிப்போர்ட்டில் அதை முதல் வரியிலேயே எழுதுகிறார்.