சபைக் குழுவாக வெளிநாட்டு ஊழியத்துக்கு: அழைப்புக் கடிதத்திலிருந்து கணக்கு முடிக்கும் வரை

சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போவதென்றால், டிக்கெட் எடுப்பதற்கு வெகு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம்மைக் கூப்பிட்டது யார், எதற்காக? எழுத்தில் பதில் வரும்வரை தேதி குறிக்கக் கூடாது. "நீங்கள் வாருங்கள், கர்த்தர் வழிநடத்துவார்" என்று அந்த ஊர்ப் போதகர் அன்போடு சொல்வார். வரவேற்பை வைத்து வேலைத்திட்டம் போட முடியாது. வருகிறேன் என்று சொல்லும் விருந்தாளியிடம் "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அவர்கள் மனம்விட்டுப் பேசும்படி நாம்தான் கேட்க வேண்டும். நாங்கள் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? நாங்கள் கிளம்பிய பிறகு யார் தொடர்வார்கள்? ஆட்கள் வராமல் பயணச் செலவில் ஒரு பங்கை மட்டும் அனுப்பிவைத்தால் உங்களுக்கு அதிக உதவியாக இருக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

1998இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைச் சிதைத்தபோது, வெளிநாட்டுச் சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு உள்ளூர் ஆட்களை வைத்தும் கட்டிக் கொடுத்தது. பிற்பாடு அந்தக் குடும்பங்களை விசாரித்து ஆய்வு செய்ததில், வீட்டை யார் கட்டினார்கள் என்பதால் அவர்கள் வாழ்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செலவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இதைப் படித்துவிட்டுப் பயணமே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அங்கே கிடைக்காத ஒரு திறமை, ஆண்டுக்கணக்கில் தொடரும் சபை உறவு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி, கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது, பழுதான கருவியைச் சரிசெய்யும் நிபுணர் என்று போவதற்கு நல்ல காரணங்கள் நிறைய உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவற்றில் சேராது.

கட்டட வேலைதான் என்று முடிவானால், வேலையின் கட்டமும் நம் நாட்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் காக்க வேண்டும். தளத்துக்குச் சென்டரிங் பிரிக்க இரண்டு வாரம் வரை ஆகும், அகலம் கூடினால் அதற்கும் மேல். நாம் போய் இறங்கும் நாளில் அடித்தளம் இறுகியிருக்க வேண்டும், செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்கியிருக்க வேண்டும், தலைமைக் கொத்தனார் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். நம் ஆட்கள் அவருக்குச் சித்தாள்கள். பழக்கமில்லாதவர்கள் தூக்குக்குண்டும் ரசமட்டமும் பார்க்காமல் எழுப்பிய சுவரை, நாம் போனபின் இடித்துக் கட்டுகிற வேலை உள்ளூர்க் கொத்தனார்கள் தலையில்தான் விழும். அந்தக் கூலி யார் கணக்கிலும் வராது. மண் சுமப்பது, கலவை போடுவது, பூச்சுக்கு முன் சுவரை நனைப்பது, வண்ணம் தீட்டுவது ஆகியவற்றோடு நின்றுகொள்வது நல்லது.

அனாதை இல்லத்துக்குப் போய்க் குழந்தைகளோடு ஒரு வாரம் விளையாடும் திட்டத்தை எங்கள் குழுக்களில் ஏற்பதில்லை. அந்த இல்லங்களில் இருக்கும் பல குழந்தைகளுக்குப் பெற்றோரோ உறவினரோ உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர்களின் பணம் வருவதாலேயே குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்துச் சேர்க்கிற கொடுமையும் நடக்கிறது. வாராவாரம் புதுப்புது மாமாவும் அத்தையும் வந்து கட்டியணைத்துவிட்டு மறைந்துபோவது, ஏற்கெனவே பிரிவைச் சுமக்கும் பிள்ளையை மேலும் காயப்படுத்தும். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இப்படிப்பட்ட தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைச் சுட்டிக்காட்டியது. உதவ மனமிருந்தால், பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உதவலாம்.

ஏற்பாட்டுக்குக் குறைந்தது 9 மாதம் வேண்டும். குழு 8 முதல் 12 பேருக்குள் இருந்தால் இரண்டு வேனில் அடங்கும், விருந்தளிக்கும் சபைக்கும் பாரமாகாது. தலைவர், அவர் படுத்துவிட்டால் பொறுப்பேற்கும் துணைத்தலைவர், பொருளாளர், மருந்துப்பெட்டிப் பொறுப்பாளர், ஆவணப் பொறுப்பாளர் என ஐந்து பொறுப்புகளையும் முதல் கூட்டத்திலேயே பிரித்துவிட வேண்டும். தலைவரே பொருளாளராக இருக்கக் கூடாது.

ஆவணங்களில் முதலில் பாஸ்போர்ட். பயணம் முடியும் நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடியும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சபையில் எல்லாரும் அறிந்த ஞானஸ்நானப் பெயரைப் பட்டியலில் எழுதி, அதை வைத்தே டிக்கெட் எடுத்து மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பெயர்ப்பட்டியலை ஆட்களிடம் வாயால் கேட்டு எழுதாமல், பாஸ்போர்ட் நகலைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். பெற்றோர் உடன்வராத 18 வயதுக்குட்பட்டவருக்கு இரு பெற்றோரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் வேண்டும். அவசர சிகிச்சைக்கு அனுமதிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

விசாதான் மிகவும் சறுக்கும் இடம். சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது வேலையாகாது என்று நினைக்கிறோம். பல நாட்டுச் சட்டங்களில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான், பிரசங்கம் செய்வதற்குத் தனி விசா கேட்கும் நாடுகளும் உண்டு. மருத்துவரும் செவிலியரும் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் தற்காலிக அனுமதி இல்லாமல் நோயாளியைத் தொடவே கூடாது. அன்றாடம் செய்யப்போகும் வேலைகளை அப்படியே எழுதி, எந்த விசா பொருந்தும் என்று தூதரகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "டூரிஸ்ட் விசாவில் போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்ற ஆலோசனை எங்கிருந்தாவது வரும். மாட்டினால் நமக்கு ஒரு விமானம் திரும்பக் கிடைக்கும். விசாரணைக்குப் போய் நிற்பது அழைத்த சபைதான். ஒவ்வொருவர் கையிலும் அழைப்புக் கடிதம், தங்குமிட முகவரி, அங்கே தொடர்புகொள்ள வேண்டியவரின் எண், திரும்பும் டிக்கெட் காகிதத்தில் இருக்க வேண்டும். இமிக்ரேஷன் வரிசையில் போன் அணைந்துபோகலாம்.

பணத்தில், மொத்த மதிப்பீட்டின் மேல் 10 சதவீதம் தற்செயல் நிதியாகத் தனியே வைக்கிறோம். காணிக்கை கேட்கும்போதே, ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் அவர் பெயரில் வந்த தொகை பயணத்துக்கே சேரும், திருப்பித் தரப்படாது என்று எழுதிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் மனஸ்தாபமான சபைகள் உண்டு. ரொக்கத்தை ஒருவரே சுமக்க வேண்டாம். பல நாடுகளில் 10,000 டாலருக்கு மேல், அல்லது ஐரோப்பாவில் 10,000 யூரோவும் அதற்கு மேலும், கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். குழுவின் பணம் முழுவதும் பொருளாளரின் இடுப்புப்பையில் இருந்தால் அந்த வரம்பை எளிதில் தொட்டுவிடும். டாலர் நோட்டு கசங்காமல், கிறுக்கல் இல்லாமல், புதிய வரிசையில் இருக்கட்டும். பழைய நோட்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

காப்பீட்டில் மூன்று வரியைத் தேடிப் படியுங்கள். நோயாளியை வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு உண்டா? உயரத்தில் நின்று செய்யும் உடலுழைப்புக்குப் பொருந்துமா? ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குப் பொருந்துமா? சாதாரண சுற்றுலாப் பாலிசியில் இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. பயணிகளுக்குப் பாம்பையும் தொற்றுநோயையும்விட ஆபத்தானது சாலை. சீட் பெல்ட் உள்ள வண்டி, இரவில் நெடுந்தூரம் ஓட்டுவதில்லை, யாரும் இருசக்கர வண்டியில் ஏறுவதில்லை. இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தடுப்பூசிக்கு 6 முதல் 8 வாரம் முன்பே பயண மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லும், 10 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியதில்லை. போகும் நாட்டில் தேவையில்லாவிட்டாலும், அந்நோய் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் கேட்கும் நாடுகள் உண்டு. மலிவான டிக்கெட் எடுக்கும்போது இதையும் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகளைப் புறப்படுவதற்கு 2 வாரம் முன்பாவது போட வேண்டும். கட்டட வேலைக்குப் போகிறவர் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று பார்க்க வேண்டும். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். முன்தடுப்பு ஊசி போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

மலேரியா தடுப்பு மாத்திரையில் தடுமாற்றம் அதிகம். டாக்சிசைக்ளின் தினமும் ஒன்று, போவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பு தொடங்கித் திரும்பியபின் 4 வாரம். அட்டோவாகுவோன்-புரோகுவானில் அதேபோல் தொடங்கித் திரும்பியபின் 7 நாள். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, 2 வாரம் முன்பே தொடங்கித் திரும்பியபின் 4 வாரம். யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். டாக்சிசைக்ளின் வெயிலில் தோலைப் பொசுக்கும். அதை விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும், அதனால் காலை உணவோடு நிறையத் தண்ணீர் குடித்துப் போடுவது நல்லது. ஊருக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். மருந்துப் பொறுப்பாளர் கடைசி நாள் வரை குழுவுக்கு நினைவூட்ட வேண்டும்.

வயிற்றுப்போக்கு குழுவில் ஒருவருக்காவது வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு 4. தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் நன்றாகக் கொதித்துத் தளதளத்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலையூரில் 3 நிமிடம். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான்.

மூட்டை விஷயத்தில், ஆளுக்கு 23 கிலோ என்றால் 12 பேருக்கு 276 கிலோ. இவ்வளவு இடம் இருக்கிறதே என்று பழைய துணியையும் பொம்மைகளையும் அடைக்காதீர்கள். அங்கே கடையில் கிடைப்பதை அங்கேயே வாங்கினால் அந்த ஊர் வியாபாரிக்கும் பிழைப்பு. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரே பொருள் பத்துப் பெட்டியில் இருந்தால் சுங்க அதிகாரிக்கு வியாபாரச் சரக்காகத் தெரியும். பொருள், எண்ணிக்கை, மதிப்பு எழுதி, வாங்கிக்கொள்ளும் சபையின் கடிதத்தோடு இணைத்து வையுங்கள். நம் சொந்த மருந்துகள் அசல் அட்டையில், சீட்டோடு இருக்கட்டும். ஒரு நாட்டில் சாதாரணமான வலி மாத்திரை இன்னொரு நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கும். துளைக் கருவி சரக்குப் பெட்டியில் போகலாம், ஆனால் அதன் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி, விமானத்துக்கான 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணி.

புறப்படுமுன் ஐந்தாறு பயிற்சிக் கூட்டங்கள் வேண்டும். சாட்சி சொல்கிறவர் எழுதி, நேரம் பார்த்து ஒத்திகை பார்க்கட்டும். மொழிபெயர்ப்போடு 20 நிமிடப் பிரசங்கம் 40 நிமிடமாகும். மொழிபெயர்ப்பாளருக்கு வேத வசனப் பட்டியலை முந்தின நாளே கொடுத்து, ஒரு வாக்கியம் முடித்து நிறுத்திப் பேசினால் அவர் பாடு லேசாகும். பிள்ளைகளோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையின் படம் எடுக்கக் கூடாது. மதமாற்றத் தடை உள்ள நாட்டில் எடுத்த ஜெபக்கூட்டப் படத்தை ஊர் பெயரோடு இணையத்தில் போட்டால், அதில் முகம் தெரியும் விசுவாசிகளின் பாதுகாப்போடு விளையாடுகிறோம். அங்கிருந்து ஒரு படமும் போடுவதில்லை, வந்தபின் அங்குள்ள போதகர் பார்த்து அனுமதித்ததை மட்டும் போடுவது என்பதில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தனியாகக் கேட்டு வரும் பண உதவிக்கு யாரும் கையில் கொடுக்கக் கூடாது, அந்த ஊர்ச் சபை மூலம்தான். இல்லாவிட்டால் நாம் போனபின் போதகருக்கும் சபையாருக்கும் நடுவே பகை மூளும்.

திரும்பி வந்த 30 நாளுக்குள் ரசீதுகளோடு கணக்கை முடித்து, காணிக்கை கொடுத்தவர்களுக்கு அனுப்பும் அதே அறிக்கையை அழைத்த சபைக்கும் அனுப்ப வேண்டும். அவர்களிடம் மூன்று மாதம் கழித்து ஒரு கேள்வித்தாள் போகட்டும்: எது பயன்பட்டது, எது பாரமாயிருந்தது, மறுபடி வரச் சொல்வீர்களா. கடைசிக் கேள்விக்கு "வேண்டாம்" என்று குறியிடும் கட்டமும் தாளில் இருக்க வேண்டும். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவருக்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தார் என்பதை முதல் வார்த்தையாக மருத்துவரிடம் சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.