பெரம்பூரில் பிறந்தவரின் நாட்குறிப்பும் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியும்

புரசைவாக்கத்தில் பெரியம்மா வீட்டுப் பரணில், தாத்தாவின் கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. கல்லூரி நாள்களில் அவற்றின் கிழிந்த மடிப்புகளைச் செல்லோடேப்பால் ஒட்டிப் பெருந்தொண்டு செய்ததாக எண்ணியிருந்தேன். இப்போது டேப் உதிர்ந்து, பசை பழுப்புக் கறையாகி, எழுத்தை மறைத்திருக்கிறது. இராமபாணப் பூச்சிகூட இவ்வளவு சேதம் செய்யவில்லை.

அந்த உறுத்தலோடுதான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தப்பிப் பிழைத்த வழியைத் தேடிப் படித்தேன். 1709இல் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், இடையாளராக) இருந்த அவர், 1736 முதல் 1761இல் இறக்கும் வரை எழுதினார். நவாபுகளுக்குப் போன கடிதம், அவர்களிடமிருந்து வந்த பதில், 1746இல் சென்னப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசமானது, கப்பல் வரவு, ஊர் வம்பு எல்லாம் அதில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவர் கண் மூடிய சில நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆயினும் ஏடுகள் குடும்பத்தாரிடம் தங்கின. 1846இல் கலுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகம் சேர்ந்தது. சென்னை அரசும் ஒரு படி எடுத்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதியது ஆங்கிலத்தில் முந்திக்கொண்டு அச்சேறியது நமக்குப் பழகிய கதைதான்.

இரண்டு குடியரசுத் தலைவர்களையும், மூன்று தலைமுறையாக லண்டனுக்குத் தூதர்களையும் தந்த அமெரிக்காவின் ஆடம்ஸ் குடும்பம், தீக்கு அஞ்சி 1870இல் குவின்சியில் கல்லாலேயே நூலகம் கட்டியது. 1905இல் குடும்பத்தின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்து, 1956இல் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்தது. அந்தக் கல் கட்டடத்தைவிட, 1950களில் அவற்றை 608 மைக்ரோஃபிலிம் (நுண்படச்) சுருள்களாக எடுத்து நூலகங்களுக்குப் பரப்பியதுதான் பெரிய காவல் என்பேன். ஓரிடத்தில் இருக்கும் ஒரே பிரதிக்கு ஒரு மழை போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“குடும்ப விஷயம் வெளியே போகக் கூடாதுடா” என்று ஸ்கேன் செய்ய மறுத்த பெரியம்மா, படிகள் எங்கள் மூன்று வீடுகளில் மட்டுமே இருக்கும் என்ற உறுதியின் பேரில் சென்ற மாதம் சாவியைக் கொடுத்தார். சிவப்பு நூல் சுற்றிய ஒரு கடிதக் கட்டை மட்டும் தன் காலத்துக்குப் பிறகு பிரிக்கச் சொன்னார். அதைப் பிரிக்காமலே அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியின் மேலடுக்கில் வைத்திருக்கிறேன்.